ஒரே ஒரு நிஜ டீப்பாய்

மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடற்கரைச் சாலையில் பழைய மேஜை நாற்காலி விற்பவர் தாண்டவராயன். அவர் கடையில் எந்தச் சாமானுக்கு என்ன வயது என்பது அக்கம்பக்கத்தில் அத்தனை பேருக்கும் தெரியும். டச்சுக்காரர் காலத்து டீப்பாய் என்றால் போன ஆடியில் அறுத்தது. வெள்ளைக்காரர் காலத்தது என்றால் ஆவணி. வாங்க வருகிற மெட்ராஸ்காரர்களுக்கு மட்டும்தான் தெரியாது. அவர்கள் அதைக் காபி டேபிள் என்பார்கள், குனிந்து தடவுவார்கள், வேன் வைத்துத் தூக்கிப் போவார்கள்.

கைவேலை முழுக்க மைத்துனர் சடையப்பனுடையது. சிங்கப்பாதம் வைத்த வளைந்த கால் வேண்டுமா, பழைய சினிமாக் கொட்டகை முகப்பு மாதிரி ஓரம் படிப்படியாக இறங்கும் ஆர்ட் டெக்கோ வேண்டுமா, புதுத் தேக்கில் எல்லாம் செய்வார். பிறகு சைக்கிள் சங்கிலியால் நாலு சாத்து, டீத்தண்ணியில் ஒரு குளியல், கொல்லைப்புறத்து உப்பு மணலில் மூன்று நாள் அடக்கம். தோண்டி எடுத்தால் நூறு வயது ஏறியிருக்கும்.

தாண்டவராயனுக்கு அலுத்துவிட்டது. பதினோரு வருடமாக ஒவ்வொரு டீப்பாய்க்கும் ஒரு துரையைக் கற்பனையில் உண்டாக்கி, அந்தத் துரையைக் கப்பலேற்றியும் அனுப்பியாக வேண்டும். தூக்கத்தில்கூட துரை பெயராகச் சொல்கிறார் என்று அவர் மனைவி அம்சா குழாயடியில் ஒருத்தியிடம் சொல்லப்போக, சாயங்காலத்துக்குள் தெருவே சிரித்தது.

இந்த லட்சணத்தில்தான் இரண்டாயிரத்து மூன்றாம் வருடம் ஹரிப்ரியா வந்தாள். கோவளத்தில் கட்டிக்கொண்டிருந்த ஒரு ஓட்டலுக்கு உள்அலங்காரம் செய்கிறவள். வந்ததும் ஒரு டச்சு டீப்பாயைத் தலைகீழாகப் புரட்டினாள்.

“டச்சுக்காரங்ககிட்ட ஸ்டார் ஸ்க்ரூ இருந்துதாண்ணா?”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் சிரித்தாள். “நிஜமா பழசு ஒண்ணே ஒண்ணு கொண்டு வந்து காட்டுங்க. ஓட்டலுக்கு வேணும்கற பழைய சாமான் எல்லாத்தையும் தேடிக் குடுக்கற வேலை உங்களுக்குத்தான்.”

தேடிக் கொடுக்கிற வேலை. பொய்யே தேவைப்படாத வேலை. மணல் குழியை மூடிவிடலாம். தாண்டவராயன் இரண்டு மாதம் சதுரங்கப்பட்டினத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நாயாக அலைந்தார்.

கடைசியில் கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் கிடைத்தது. ரிட்டயரான தாமோதரன் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். அவருடைய அப்பா வாங்கிய டீப்பாய். முந்திரிப்பருப்பாக வளைந்த பலகை, வெளிப்பக்கம் சாய்ந்த மூன்று ஒல்லிக் கால்கள், கால் நுனியில் பித்தளைக் குப்பி. அடியில் மெட்ராஸ் கடைக்காரர் ஒட்டிய சீட்டு, 1956 என்று. தாமோதரனின் மனைவி ராஜம் கல்யாணமாகி வந்த நாள் முதல் அதற்கு மேல் ஒரு துணி, துணிக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. ஒரு டம்ளர் வட்டம் விழ விட்டதில்லை மகராசி. நாற்பத்தேழு வயசு டீப்பாய் நேற்றுத்தான் பிறந்தது போல மினுமினுத்தது.

கொண்டுவந்து கொல்லை ஷெட்டில் வைத்த அன்றைக்கே கருங்குழியில் சித்தப்பா தவறிப்போனார். தாண்டவராயனும் அம்சாவும் போய்விட்டு ஐந்தாம் நாள் திரும்பினால், ஷெட் காலி.

“இங்க வெச்ச டீப்பாய் இன்னாச்சு மச்சான்?”

“முந்திரிப்பருப்பாட்டம் கீதே, அதுவா? வேல முடிஞ்சிச்சு மாப்ள.” சடையப்பன் பீடியை அணைத்தார். “பளபளன்னு புத்தம் புதுசா வாங்கியாந்து போட்டுட்டுப் போயிட்ட. எவன் சீந்துவான்? சங்கிலி போட்டு, டீத்தண்ணி அடிச்சு, மணல்ல போட்டு எடுத்தேன். அடியில இன்னாவோ சீட்டு வேற ஒட்டிகினு இருந்துச்சு. சொரண்டிட்டேன்.”

தாண்டவராயன் அங்கேயே ஒரு பலகை மேல் உட்கார்ந்தார். “அது நெசமாவே பழசு மச்சான்.”

“பழசுன்னா பழசாட்டம் இருக்கணும்ல?”

சடையப்பன் டீப்பாயைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தார். பலகை ஓரம் உப்பியிருந்தது. பித்தளை பச்சை பூத்திருந்தது. மேலே வரிசையாகச் சங்கிலித் தழும்பு. அம்சா ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள். வந்தது டீத்தண்ணியின் நிறம்தான்.

மறுநாள் காலை, சொல்லி வைத்திருந்தபடி, ஹரிப்ரியா வந்தாள். துரை கதை ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, தாண்டவராயன் நடந்ததை நடந்தபடி சொன்னார். பதினோரு வருடத்தில் அந்தக் கடையில் வைத்து அவர் சொன்ன முதல் நிஜம். சீட்டு வரைக்கும் சொன்னார்.

அவள் டீப்பாயைப் புரட்டினாள், தழும்பைத் தடவினாள், விரலை முகர்ந்தாள். “யார் வீட்டுதுன்னு சொன்னீங்க? அவர்கிட்ட பேசலாமா?”

“முந்தாநேத்துதான் பையன் வூட்டுக்கு அமெரிக்கா போயிட்டாராம் மேடம். நம்பர் தெரியாது.”

“உங்க ஆளுங்க எல்லாருமே கரெக்டா கெளம்பிப் போயிடறாங்க இல்லண்ணா?” அவள் குரலில் கிண்டல்கூட அதிகமில்லை. “இதுவரைக்கும் சொன்னதுலயே இந்தக் கதைதான் நல்லா இருக்கு.”

“கதை இல்ல மேடம்.”

“பரவால்லண்ணா. டிசைன் எனக்குப் பிடிச்சிருக்கு. இந்த மூணு கால், இந்தத் தழும்பு, பச்சை. வயசு யாருக்கு வேணும்? ரூமுக்கு ஒண்ணுன்னு நாப்பது வேணும். அச்சு அசலா இதே மாதிரி செய்ய முடியுமா?”

“அறுபதுகூட செய்யலாம் மேடம்,” என்று பின்னாலிருந்து சடையப்பன் குரல் கொடுத்தார். அவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

தாண்டவராயன் வாயைத் திறந்தார். அது நிஜம் என்று மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். ராஜம் விரித்த துணி, கருங்குழிச் சாவு, சுரண்டிய சீட்டு, எல்லாம். அவள் மறுபடியும் சிரிப்பாள், அதுவும் மரியாதையாக.

“பொங்கலுக்குள்ள முடிச்சிடலாம் மேடம்,” என்றார்.