ஓபி மேட்டு மணிகள்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை, பதினோராம் பிளாக் சமுதாயக்கூடத்தில் சிறுபொருள் வட்டம் கூடும். கோயில், கோட்டை என்று பெரிதாகப் பேசுகிறவர்களுக்கு அங்கே வேலையில்லை. பாசிமணி, வளையல் துண்டு, சுடுமண் சில்லு, தேய்ந்த காசு என்று உள்ளங்கைக்குள் அடங்குகிறவைதான் பேச்சு. ஒரே ஒரு சட்டம் உண்டு. எங்கே எடுத்தது என்று சீட்டு ஒட்டாத பொருளை மேசையில் வைத்தால், வைத்தவருக்கு அன்றைக்கு டீ கிடையாது.

தேவயானியின் நாற்பத்தொரு மணிகளுக்கும் சீட்டு இருந்தது. அவள் கரூர்ப் பெண். கல்யாணமாகி எட்டு மாதத்துக்கு முன்புதான் நெய்வேலிக்கு வந்தாள். விருத்தாசலத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறாள். மந்தாரக்குப்பத்துக்கு அப்பால் முந்திரி மண்டிய ஒரு மேடு. அதன் அடிவாரத்தில் மழைநீர் அரித்த இடங்களில் பொறுக்கிச் சேர்த்த சூதுபவள மணிகள் அவை. ஒன்பது மணிகளில் துளை பாதியிலேயே நின்றிருந்தது. துளை முடியாத மணியை யாரும் கழுத்தில் போடுவதில்லை, அது செய்த இடத்தில்தான் கிடக்கும். ஆகவே அந்த மேடு பழைய மணிப் பட்டறை. இதுதான் அவள் கட்டுரை. வட்டம் ஒத்துக்கொண்டால் ஆண்டு மலரில் அவளுடைய முதல் எழுத்து அச்சேறும்.

தடுமாறாமல் பேசினாள். கடைசியாக ஊர்ப்பெயருக்கு வந்தாள்.

"அந்த இடத்தை எல்லாரும் ஓபி மேடுன்னு சொல்றாங்க. ஷிஃப்ட்ல ஓபி அடிக்கிறவங்க முந்திரி நிழல்ல போய்ப் படுக்கறதால வந்த பேருன்னு அடிக்குறிப்புல எழுதியிருக்கேன்."

கூடமே சிரித்தது. முன்வரிசையில் நர்ஸ் திலகவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நகைச்சுவை எடுபட்டதென்று தேவயானியும் சிரித்தாள். சிரிக்காதவன் ஒருவன்தான். அவள் புருஷன் அறிவழகன். சுரங்கத்தில் வேலை, ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தான். பாதி தூக்கிய கையை இறக்கிக் காதைச் சொறிந்தான்.

"என்னங்க, ஏதோ சொல்ல வந்தீங்க."

"ஒண்ணுமில்ல. வூட்ல சொல்றேன்."

"தம்பி, வூட்ல போயி சொன்னா சோறு கெடைக்காது," என்றாள் திலகவதி. "இங்கியே சொல்லிடு. சாட்சிக்கு நாங்க இருக்கோம்."

அறிவழகன் எழுந்தான். "அது அந்த ஓபி இல்ல தேவா. ஓவர்பர்டன். கரிக்கு மேல கெடக்கிற மண்ண வெட்டிக் கொட்றோம்ல, அதுக்கு மைன்ஸ்ல ஓபின்னு பேரு. அது ஆளுங்க கொட்டின மேடு. எங்கப்பா சின்னப் புள்ளையா இருந்தப்ப அங்க மேடே கெடையாது."

சிரிப்பு அடங்கியது. போன வாரம் கட்டுரையைப் படிக்கச் சொல்லி அவனிடம்தான் கொடுத்தாள். நெஞ்சில் தாளை வைத்துக்கொண்டே தூங்கிப்போனான்.

தலைமை தெய்வசிகாமணி, அருங்காட்சியகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தாள்களை மெல்ல மூடினார். "அப்ப எங்கிருந்து வந்ததுன்னே தெரியாத மணிங்கம்மா இது. மலருக்கு எப்படிப் போடறது?"

தேவயானிக்கு முகம் சுட்டது. சீட்டுகளைப் புரட்டினாள். நாற்பத்தொன்றிலும் 'மேட்டின் அடி' என்றே இருந்தது. உச்சிக்கும் மூன்று முறை ஏறியிருக்கிறாள். அங்கே ஒரு மணிகூடக் கிடைக்கவில்லை.

நிமிர்ந்தாள். "மண்ணை எந்த வரிசையில கொட்டுவீங்க?"

"அந்தக் காலத்துல வெட்ன வரிசையிலதான். மொதல்ல மேல்மண்ணு, அப்புறம் ஆழத்து மண்ணு."

"முதல்ல கொட்டினது?"

"அடியில கெடக்கும்," என்றவன் சட்டென்று நிறுத்தினான். "சட்டியக் கவுத்தாப்புல. மனுசங்க நடந்த மேல்மண்ணு, மேட்டுக்கு அடியில."

"எந்தத் தரையோட மேல்மண்ணு?"

"மொதல் வெட்டு மண்ண மட்டுந்தான் வெளிய கொட்னாங்க, அப்புறம் வெட்னத குழிக்குள்ளயே போட்டுட்டாங்க. அந்த மொதல் வெட்டு எங்கன்னு பழைய சர்வே மேப்புல இருக்கும்."

தேவயானி தெய்வசிகாமணியின் பக்கம் திரும்பினாள். "ஐயா, பட்டறை இருந்தது நிஜம். அது மேட்டுல இல்ல, முதல்ல குழி வெட்டின இடத்துல இருந்திருக்கு. கட்டுரையை இன்னிக்குத் திரும்ப எடுத்துக்கறேன். மேப்போட வர்றேன்."

"மலர் அச்சுக்குப் போகுதேம்மா."

"போகட்டுங்க. தப்பான இடத்தோட இந்த வருசம் வர்றதுக்கு, சரியான இடத்தோட அடுத்த வருசம் வரட்டும்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு மூடிய தாள்களை அவள் பக்கம் நகர்த்தினார். "பத்து நாள் பொறுக்கறேன். அதுக்கு மேல பிரஸ்காரன் பொறுக்கமாட்டான்."

"அப்ப கட்டுரைக்கு ரெண்டு பேரு போடணும்போல இருக்கே," என்றாள் திலகவதி.

"அய்யோ, எனக்கெதுக்குங்க," என்று அறிவழகன் கூச்சத்தோடு உட்காரப் போனான்.

"மேப்பை முதல்ல கொண்டு வரட்டும்க்கா," என்றாள் தேவயானி, அவனைப் பார்த்துச் சிரித்தபடி. "அப்புறம் யோசிக்கறேன்."