விற்காத துந்துக்

நாற்பத்தொரு நாட்களாக எங்கள் துந்துக் வேறொருவர் கூடாரத்தின் உச்சியில் இருந்தது.

எங்கள் கிர்கிஸ் வழக்கப்படி, கூடாரத்தின் கம்பளியும் கழிகளும் கைமாறலாம். புகை போகவும் வானம் தெரியவும் உச்சியில் திறந்திருக்கும் மர வளையமான துந்துக் மட்டும் கடைசி மகனுக்கு. கூடாரத்தை விற்றபோது அம்மா அதைப் பற்றிப் பேசவே இல்லை. வளையம் விற்றவர் வீட்டிலேயே தங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்; யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வாங்கிய திலேக்கும் எங்கள் ஆள்தான். ஏரிக்கரையில் பயணிகளுக்குக் கூடாரம் போடுகிறவர். அவர் கொண்டுவந்த அச்சடித்த ஒப்பந்தத்தில் 'முழுக் கூடாரம்' என்று இருந்தது. அம்மா கையெழுத்துப் போட்டாள். அவருடைய ஆட்கள் வந்த அன்று நாங்கள் குதிரைகளோடு மேய்ச்சலில் இருந்தோம். கூடாரத்தைக் கழற்றி வைத்திருந்த கொட்டகையில் இருந்த எல்லாவற்றையும், துந்துக்கையும் சேர்த்து, ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

கடைசி மகனான என் தம்பி ரஷ்யாவில், கசானில் கட்டட வேலை செய்கிறான். போனில் ஒவ்வொரு முறையும் கேட்பான்.

"துந்துக் நனையாம இருக்காம்மா?"

"இருக்குடா."

பிறகு அம்மா மல்லாந்து படுத்து, வெள்ளையடித்த கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

வளையத்தைத் திருப்பிக் கேட்டு அம்மா வழக்குப் போட்டாள். நாரின் நகர நீதிமன்றத்தில் நீதிபதி பொறுமையாகச் சொன்னார்: "ரெண்டு பேர் மனசுலயும் ஒரே எண்ணம் இருந்து, எழுத்து மட்டும் தப்பாப் போயிருந்தா நான் திருத்தலாம். அவர் மனசுல என்ன இருந்துச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"அவனும் கிர்கிஸ்காரன்தானே!" என்றாள் அம்மா.

திலேக் சிரித்தார். "கையெழுத்துப் போட்டதும் கிர்கிஸ்காரிதான், அக்கா."

"இதை உங்க அம்மாகிட்டப் போய்ச் சொல்லு. கரண்டியாலயே போடுவா."

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. நீதிபதியை மறந்து திலேக்கிடமே கேட்டாள்.

"ராத்திரி அதுவழியா நட்சத்திரம் தெரியுதா, தம்பி?"

"தெரியுது."

"படுத்துப் பாக்குறியா?"

"தினமும். அந்தக் கூடாரத்தை மட்டும் யாருக்கும் வாடகைக்கு விடல. எங்க அப்பாவோட துந்துக்கை, கரண்டே வராத ஒரு குளிர்காலத்துல ஒடச்சு அடுப்புல வச்சுட்டாங்க. நான் கைக்குழந்தை. புகை படிஞ்ச வளையத்துக்குக் கீழ படுத்ததே இல்ல, அக்கா."

அம்மா தலையில் கட்டியிருந்த துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வாங்கும்போது என்ன கிடைக்கும்னு நினைச்சீங்க?" என்று நீதிபதி கேட்டார்.

திலேக் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார். எழுந்து நின்றார்.

"வாங்குன அன்னிக்கே தச்சன்கிட்டப் புது வளையத்துக்குச் சொல்லிட்டேன். இவங்களோடது வராதுன்னு எனக்குத் தெரியும்."