கோட்டு மாப்பிள்ளை

எங்கள் பக்கத்தில் மழை பிடித்துவிட்டால் யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. மேலே என்ன போட்டிருக்கிறார் என்று பார்த்துத்தான் ஆளை மதிப்பார்கள். சாக்கின் ஒரு மூலையை மறுமூலைக்குள் தள்ளித் தலையில் கவிழ்த்துக்கொண்டால் அது கொங்காணி. காட்டு வேலைக்காரர்கள் போடுவது. கம்பளி என்றால் ஆட்டுக்கிடை போடுகிறவர். மலைக்குப் போய்வந்தவர்கள் சட்டையைக்கூடக் குப்பாயம் என்று மலையாளத்தில் சொல்லிப் பீற்றிக்கொள்வார்கள். முழங்கால் வரை தொளதொளவென்று தொங்கும் கறுப்புக் கோட்டு மட்டும் ஏலக்காய்த் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணிக்கு.

இன்னொன்றும் உண்டு. மதிப்பான மனிதர் எதிரே வந்தால் கொங்காணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். மழை எப்படிக் கொட்டினாலும் சரி.

எழுபத்தாறாம் வருஷம் எனக்கு மாப்பிள்ளை பார்க்க எங்கள் அய்யா ராக்கையா மலைக்கு ஏறினார். அதற்கு முன் இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. போன வேகத்தில் திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"மாப்ளே கன்னையன் கோட்டுப் போட்டு நிக்கிறாரு ஆத்தா! மூடுபனிக்குள்ள அவரு நின்ன நெலையிலயே அம்புட்டுச் சனமும் குனிஞ்ச தலை நிமிராம ஏலப்பழம் எடுக்குது!"

அங்கேயே பேசி முடித்துவிட்டாராம். வெற்றிலை பாக்கும் மாற்றியாயிற்று. எங்கள் ஊர் சிலமலை முழுக்க அந்தக் கோட்டுப் பேச்சுத்தான். நான் கிணற்றடிக்குப் போனால், "கோட்டு மாப்ளே எப்ப வர்றாரு?" என்று கேலி. எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஐப்பசியில் முகூர்த்தச் சேலை எடுக்கப் போடிக்குப் போனோம். மாப்பிள்ளை தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, மலையிலிருந்து தானே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கும்போது நல்ல மழை. அய்யா கோட்டைத் தேடிக்கொண்டே நடந்தார். கொங்காணி போட்ட ஒருவர் குறுக்கே வந்தார்.

"ஏப்பா, தள்ளி நில்லு. நாங்க ஆளு பாக்குறோம்ல."

அவர் தள்ளி நிற்கவில்லை. கொங்காணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "வாங்க மாமா" என்றார்.

அய்யாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "கோட்டு எங்க?"

"அது கங்காணியோட கோட்டு மாமா. அன்னைக்கு அவருக்குக் காச்சல். பனிக்குள்ள கோட்டு தெரிஞ்சாத்தேன் சனத்துக்குக் கை ஓடும்னு என்னைய மாட்டிக்கிட்டு நிக்கச் சொன்னாரு. ஆளு கிடைக்காட்டி அதை ஒரு குச்சியில தொங்கவிட்டுருவாரு."

"அப்ப நீ கங்காணி இல்லையா?"

"பழம் எடுக்கிற ஆளுதேன். நீங்க கேக்கலையே மாமா."

அய்யா என் கையைப் பிடித்து இழுத்தார். "நட ஆத்தா, அடுத்த பஸ்சுக்குப் போயிருவோம். ஊருல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நடப்பேன்?"

மூன்றாவதும் போயிற்று என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால், அந்த மனிதர் இன்னும் கொங்காணியைத் தலையில் போடவில்லை. இத்தனை பேச்சுக்குப் பிறகும் அய்யாவுக்கு மரியாதை கொடுத்துத் தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நின்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அய்யாமேல் கோபம் கோபமாக வந்தது.

கையை உருவிக்கொண்டேன். "நீங்க மட்டும் என்ன, கோட்டுப் போட்டுக்கிட்டா ஏர் ஓட்டுனீக? குச்சியில மாட்டுனாலும் அந்தக் கோட்டு அப்பிடித்தேன் நிக்கும். நான் குச்சியக் கட்டிக்கவா?"

நடுரோட்டில் அய்யாவும் தெப்பமாக நனைந்துகொண்டிருந்தார். நான் போய்க் கன்னையன் கையிலிருந்த கொங்காணியை வாங்கி வந்து அய்யாவின் தலையில் கவிழ்த்தேன். அவர் அதைத் தள்ளவில்லை. பஸ் நிற்கும் பக்கம் போகாமல் ஜவுளிக்கடைப் பக்கம் நடந்தார்.

நானும் கன்னையனும் அங்கேயே நின்றோம். முன்னால் போன கொங்காணிக்குள்ளிருந்து அய்யாவின் குரல் வந்தது.

"மாப்ளேய ஏன் மழையில நிறுத்தி வச்சிருக்க? வெரசாக் கூட்டிட்டு வாத்தா."