கயிறு பிடித்தவன்

பானுப்ரியா ஒன்பதாம் வகுப்போடு நின்றதற்குக் காரணம் படிப்பு வராதது அல்ல. எழுந்து வாசிக்கச் சொன்னால் குரல் வராது. கடற்கரையோர ஊரான மாப்பிள்ளையூரணியில் வீட்டுக்குள் அடைந்துகொண்டு, யாருக்கும் காட்டாமல் படக்கதைகளாக வரைந்து தள்ளினாள். அண்ணன் சிவப்பிரகாஷ் அதில் ஒன்றைத் திருட்டுத்தனமாகப் படமெடுத்துச் சென்னைக்கு அனுப்பிவிட்டான். நாட்டுப்புறத் தேவதைக் கதைகளைப் படக்கதைத் தொகுப்பாகக் கொண்டுவரும் ரெனிஷ் அதைத் தேர்ந்தெடுத்தும் விட்டார்.

கதை இதுதான். இடுப்பில் கயிறு கட்டி முத்துக் குளிக்க இறங்கியவனைக் கடலடித் தேவதை ஒருத்தி பிடித்துக்கொள்கிறாள். மேலே வந்து, தோணியில் அவன் கயிற்றைப் பிடித்திருப்பவனிடம், "கயிற்றை விடு, தோணி நிறைய முத்து தருகிறேன்" என்கிறாள். அவன் விடவில்லை. ஆளை இழுத்துக் கரைசேர்க்கிறான்.

தொகுப்பு அச்சுக்குப் போகும் நாள் காலை ரெனிஷ் போனில் வந்தார். "படமெல்லாம் பிரமாதம்மா. ஆனா தோணி நிறைய முத்தை ஒருத்தன் எதுக்கு வேண்டாம்பான்? நம்ப முடியலையே. கயித்தை விட்டுட்டான்னு மாத்திடலாம். இல்லேன்னா இந்தக் கதையை எடுத்துடணும். சாயங்காலம் அச்சுக்குப் போகுது, மத்தியானத்துக்குள்ள சொல்லு."

"ம்" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

"ஏளா, ரெண்டு வார்த்த பேசுனா வாயிலேருந்து முத்தா உதிந்துரும்?" என்றான் அண்ணன். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டான். "மச்சினன் எப்பிடிளா கயித்த விடுவான்? கூடப்பெறந்தவ தாலில்லா அதுல தொங்குது!"

பானுவுக்குச் சுருக்கென்றது. கயிறு பிடிப்பவன் குளிப்பவனுடைய மனைவியின் கூடப்பிறந்தவன் என்பது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததுதானே என்று அவள் அதை எங்குமே வரையவில்லை. சென்னையில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? தப்பு தன்னுடையது.

போனை எடுத்து ரெனிஷைக் கூப்பிட்டாள். "சார், அவன் விடமாட்டான். ஒரு படம் விட்டுப்போச்சு. வரைஞ்சு அனுப்புதேன், பாத்துட்டுச் சொல்லுங்க."

வரைந்தாள். விடியற்காலைக் கரை. தோணி புறப்படுமுன், கழுத்தில் புதுத்தாலி தெரிய ஒருத்தி, புருஷனின் கயிற்றைத் தன் அண்ணன் கையில் வைத்து அவன் விரல்களை மூடுகிறாள்.

பதில் உடனே வந்தது: "இதுதான் அட்டைப்படம்."

புத்தக வெளியீடு பக்கத்து மில்லர்புரத்தில் நடந்தது. பிள்ளைகள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ரெனிஷ் மைக்கை நீட்டியதும், தங்கைக்குப் பதிலாக வாசிக்க சிவப்பிரகாஷ் பாதி எழுந்தான். பானு கையசைத்து அவனை உட்காரவைத்தாள். முதல் வரி வெறும் காற்றாக வந்தது. இரண்டாவது வரி கேட்டது. "கயிற்றை விடு" என்று தேவதை சொன்ன இடத்தில் மூச்சு வாங்க நிறுத்தினாள்.

"ஏலே, விட்டுராத!" என்று முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் கத்தினாள். கூட்டமே பிடித்துக்கொண்டது. "விடாத! விடாத!"

அத்தனை சத்தத்துக்கும் மேலே ஏறி ஒலித்தது பானுப்ரியாவின் குரல்: "விடமாட்டேன்!"