இங்கே முன்பு, இங்கே இனிமேல், நடுவில் ஒரு பேண்ட்

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் இரண்டு முழங்கால்களின் மேலும் அடித்துச் சத்தியம் செய்கிறேன். (இடது முழங்கால் மாற்றி வைத்தது. அதன்மேல் செய்யும் சத்தியம் செல்லுமா என்று டாக்டரைக் கேட்டேன். மாடிப்படி ஏறாமல் இருந்தால் செல்லும் என்றார்.)

கதை பிறந்த விதத்தையும் மறைக்கப்போவதில்லை. தினமும் நடக்கச் சொன்னவர் அதே டாக்டர்தான். "தனியா விட்டா முதல் பெஞ்சப் பாத்ததும் உக்காந்துடுவீங்க மாமா" என்று சொல்லி, என் மருமகள் என்னை ஒரு நடைக்குழுவில் சேர்த்துவிட்டாள். காசு கொடுத்து நடக்கிற குழு. ஒரு பெண் நம்மையெல்லாம் ஒரு தெரு வழியாக அழைத்துப் போய், எந்தக் கட்டடத்தில் முன்பு என்ன இருந்தது என்று சொல்லிக்கொண்டே வருவாள். அங்கே கண்டதைத்தான் எழுதுகிறேன். எதையும் கூட்டவில்லை. கொஞ்சம் குறைக்கத்தான் வேண்டியிருந்தது. முழுவதையும் எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

அந்தி மயங்கும் வேளையில், காலத்தின் சுவடுகளைச் சுமந்தபடி அந்தத் தெரு

வேண்டாம். நடை காலையில். தெருவும் எதையும் சுமக்கவில்லை. கம்பிகளைச் சுமந்துகொண்டிருந்த ஒரே மின்கம்பமும் சாய்ந்துதான் இருந்தது.

இரண்டாம் முயற்சி:

அவளை எல்லாரும் ரிவர்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

இது நிற்கும்.

நடை வழிகாட்டிகள் கூட்டத்துக்கு முன்னால் போக வேண்டும், ஆனால் கூட்டத்தைப் பார்த்துப் பேசவும் வேண்டும். ஆகவே பின்பக்கமாக நடப்பார்கள். ரிவர்ஸ் அக்கா இதைப் பதினைந்து வருடமாகச் செய்து, முன்பக்கமாக நடப்பதையே ஏறக்குறைய மறந்துவிட்டாள். கட்டடங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டாள். கட்டைவிரலைத் தோளுக்கு மேல் தூக்கி, "இங்கே முன்பு…" என்பாள். ஒருமுறை பஸ்ஸிலும் பின்பக்கமாகவே ஏறினாள். இறங்குகிறாள் என்று நினைத்து கண்டக்டர் டிக்கெட்டே கேட்கவில்லை. வீட்டில் கணவரோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியேறினாலும் அதே நடைதான். போகிறாளா வருகிறாளா என்று புரியாமல் அவர் சமாதானத்துக்கு வந்துவிடுவார்.

(பஸ் விஷயத்தை நீக்கிவிடும்படி மருமகள் சொல்கிறாள். நான் சத்தியம் செய்திருக்கிறேன். நீக்க முடியாது.)

3

அக்காவுக்கு ஒரு நாத்தனார் உண்டு. கணவரின் தங்கை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. கட்டுமானக் கம்பெனி ஒன்றில் வேலை. அவளுக்கும் ஒரு நடை இருந்தது: வீடு வாங்க வருபவர்களை அதே தெருவுக்கு அழைத்துவந்து, இனிமேல் எங்கே என்ன வரப்போகிறது என்று காட்டுவாள். அவளும் பின்பக்கமாகத்தான் நடப்பாள். தொழில் அப்படி.

அக்கா கிழக்கு முனையில் தொடங்குவாள்: "இங்கே முன்பு…" நாத்தனார் மேற்கு முனையில் தொடங்குவாள்: "இங்கே இனிமேல்…" நேரம் வேறு வேறாக இருந்ததால் வெகுநாள் மோதிக்கொள்ளவில்லை. சமையலறையில் வெங்காயம் நறுக்கும்போதுதான் மோதல்.

"ஏம்மா, என் அச்சகத்த இடிச்சுட்டு அங்க என்ன கட்டப்போறீங்க?"

"நீச்சல் குளம் அண்ணி."

"அந்தத் தெருவுல குழாயிலயே தண்ணி வராது. குளத்துக்குத் தண்ணிக்கு எங்க போவீங்க?"

"அச்சகத்துக்கு நீங்க எங்க போனீங்களோ, அங்கதான்."

அக்கா கத்தியை வைத்துவிட்டாள். அச்சகம் எங்கிருந்து வந்தது என்பது அவளுக்கும் தெரியும், நாத்தனாருக்கும் தெரியும். தெருவில் சொல்வதற்கு ஒன்றும் கிடைக்காத ஒரு மழைநாளில், நனைந்துகொண்டு நின்ற கூட்டத்தைப் பார்த்துப் பாவப்பட்டு அக்கா வாயாலேயே கட்டிய அச்சகம் அது.

லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் தட்டோடு நடுவில் நின்றிருந்தார். "நான் மேல போவேன், கீழ வருவேன். என்னைப் பக்கவாட்டுல இழுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

4

இனி வரும் ஆள்மேல் எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது, சொல்லிவிடுகிறேன். முதல் பிரதியில் அவரைப் பல் டாக்டராக எழுதியிருந்தேன். பிறகுதான் யோசித்தேன்: கதை நெருக்கடிக்கு வரும்போது பல் டாக்டரிடம் ஒரு பேண்ட்டைக் கொடுத்தால் என்ன செய்வார்? வாயைத் திறக்கச் சொல்வார். ஆகவே உண்மையில் அவர் என்னவாக இருந்தாரோ அப்படியே விட்டுவிட்டேன். தையற்காரர்.

தெருவின் நட்டநடுவில் கடை. கழுத்தில் டேப், காதில் சாக்குக்கட்டி, வாசலில் தலையில்லாத ஒரு பொம்மை. அவருக்கு ஒரு பெரிய குறை.

"அக்கா, என் கடையையும் ஒரு ஸ்டாப்பா போடுங்களேன்."

"உங்க கடை முன்னாடிதானே மாஸ்டர் தினமும் நிக்கிறோம்."

"நிக்கிறீங்க. ஆனா அச்சகத்தப் பத்தியில்ல பேசறீங்க! நான் உள்ள உக்காந்து தச்சுக்கிட்டே இருக்கேன், அத்தனை பேரும் என்னைத் தாண்டி எதையோ பாக்கறாங்க. நான் இருக்கேனான்னு எனக்கே சந்தேகம் வந்து கண்ணாடியப் பாத்துக்கறேன்."

"கொஞ்சம் பொறுங்க. நீங்க இன்னும் பழசாகல."

"அந்தப் பொண்ணுகிட்ட கேட்டா, நீங்க இனிமே இருக்கவே மாட்டீங்கங்குது."

அது வேடிக்கைப் பேச்சு இல்லை. குறுகிய தெருவில் இரண்டு நடைகளால் நெரிசல் என்று புகார் போய், ஒன்றுக்குத்தான் அனுமதி என்று நகராட்சி முடிவு செய்திருந்தது. அக்காவுக்குக் கிடைத்தால், பழைய தெரு என்று பதிவாகிவிடும். ஒரு செங்கல்லையும் தொட முடியாது. நாத்தனாருக்குக் கிடைத்தால் கம்பெனி உள்ளே வரும்; தையற்கடைதான் முதலில் போகும். அதிகாரி ஒருவர் இரண்டு நடைகளையும் ஒரே காலையில் பார்த்துவிட்டு அங்கேயே கையெழுத்திடுவார். தெருவில், மக்கள் முன்னால், நின்றபடி. விதி அப்படி.

கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தபோது அக்காவுக்கு அச்சகம் வரும் இடத்தில் மட்டும் வருடம் மாறி மாறி வந்தது.

5

அதிகாரி நேர்மையானவர். யார் பக்கமும் சாயக் கூடாது என்று தெருவின் சரிபாதியில், தையற்கடை எதிரில், கோப்பில் தலையைக் கவிழ்த்தபடி நின்றார்.

கிழக்கிலிருந்து அக்கா, பின்பக்கமாக. மேற்கிலிருந்து நாத்தனார், பின்பக்கமாக. இருவர் முகமும் அவரவர் கூட்டத்தின் மேல். நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். "அக்கா!" என்று கத்தினேன்.

"கேள்விகள் கடைசியில்" என்றாள் அக்கா.

டர்ர்ர்.

"அண்ணி, நீங்களா?"

"நான்தான். நீ யாரு?"

"உங்க நாத்தனார்."

"அப்ப நடுவுல?"

"நகராட்சி" என்றது நடுவிலிருந்து ஒரு நசுங்கிய குரல்.

இரண்டு முதுகுகளும் விலகின. அதிகாரி மட்டும் அசையவில்லை. கோப்பை மெல்லப் பின்பக்கமாகக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். பேண்ட் இடுப்பிலிருந்து முட்டிவரை பிளந்திருந்தது.

"அம்மா," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு, "இந்தத் தெருவப் பத்தி உங்க ரெண்டு பேரவிடத் தெரிஞ்சவங்க இல்லன்னு இதுல எழுதியிருக்கு. ஒரு தையக்கடை எங்க இருக்கு? சீக்கிரம்!"

அக்காவுக்குத் தெரியாதா என்ன? ஆனால் பதற்றத்தில் கட்டைவிரல் தானாகத் தோளுக்கு மேல் போனது. "இங்கே முன்பு ஓர் அச்சகம் இருந்தது."

"இங்கே இனிமேல் ஒரு நீச்சல் குளம்" என்றாள் நாத்தனார்.

"நடுவுல நான் ஒருத்தன் இருக்கேன் சார்" என்றார் மாஸ்டர்.

அக்கா திரும்பினாள். அந்தத் தெருவில் நடையின்போது அவள் திரும்பியது அதுதான் முதல் தடவை. நீலக் கதவு. தரையெங்கும் துணித்துண்டுகள். ஒரு கை மட்டும் தைத்த கோட்டோடு தலையில்லாப் பொம்மை. ஆணியில் ஒரு பச்சை ரவிக்கை. வீடு முழுக்கத் தேடிய அவளுடைய ரவிக்கை. இவ்வளவும் தன் கட்டைவிரலுக்குப் பின்னாலேயே இருந்ததா என்று அவளுக்கு முகம் சூடானது. கூடவே ஏனோ சிரிப்பும் வந்தது.

6

மாஸ்டர் அதிகாரியைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்து, பேண்ட்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நாற்பது வருடப் பழக்கம். வாய் தானாகப் பேசியது.

"நாளைக்கு வாங்க சார்."

"நான் எப்படிய்யா போறது?"

"அதான் சொல்றேனே, நாளைக்கு வாங்க."

"போனாத்தானேய்யா வர முடியும்!"

வாசகர் இங்கே கை தூக்குவார்: கடையில் தொங்கும் வேறு பேண்ட் எதையாவது மாட்டிக்கொள்ளலாமே? நானும் கேட்டேன். "அடுத்தவங்க துணி சார், அது தர்மமில்ல" என்றார் மாஸ்டர். என்னுடையதைக் கழற்றித் தர முன்வந்தேன். பிறகு நான் எங்கே உட்காருவது என்ற கேள்வி எழுந்தது. சரி, வீட்டிலிருந்து வரவழைக்கலாமே? அதிகாரி மனைவிக்குப் போன் செய்தார். "காலைல போட்டுட்டுப் போன பேண்ட் என்னாச்சு?" என்று கேட்டார் அம்மையார். "ரெண்டு பொம்பளைங்களுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு…" என்று இவர் தொடங்கினார். போன் வைக்கப்பட்டது. திரும்ப எடுக்கப்படவில்லை.

மறுநாளும் பேண்ட் தயாராகவில்லை. நூலின் நிறம் ஒத்துவரவில்லையாம். அதற்கு மறுநாள் மிஷின் பெல்ட் அறுந்துவிட்டதாம். அலுவலகத்துக் கோப்புகள் திரைக்கு அடியில் உள்ளே போய், முத்திரையோடு வெளியே வந்தன. பிறப்புச் சான்றிதழுக்கு வந்தவர்கள் தெருமுனைவரை வரிசையில் நின்றார்கள்.* நடை அனுமதியில் மட்டும் அவர் நின்றபடிதான் கையெழுத்திட வேண்டும். நிற்பதற்குப் பேண்ட் வேண்டும்.

* அவர்களில் ஒருவர் குழந்தை பிறப்பதற்கு முன்பே வந்து நின்றார். வரிசை அவ்வளவு நீளம்.

"முடிவு பண்ணிட்டேன்" என்று மட்டும் திரைக்குள்ளிருந்து குரல் வந்தது. "யாருக்குன்னு எழுந்து நின்னுதான் சொல்லுவேன்."

இதற்குள் இரண்டு நடைகளும் கடை வாசலில் நின்று நின்று போயின. எல்லாருக்கும் அந்தத் திரையைப் பார்க்க வேண்டும். அக்கா வாயைத் திறந்தாள். "இங்கே மு…" என்று தொடங்கி, விழுங்கி, "இங்கே… இப்போது… ஒரு தையற்கடை இருக்கிறது" என்றாள். மாஸ்டர் எழுந்து, டேப்பைச் சரிசெய்துகொண்டு, மேடையில் நிற்பவர்போல் கூட்டத்துக்குக் கும்பிடு போட்டார்.

7

முடிவு, முதல் முயற்சி: அதிகாரி வெளியே வந்து அக்காவுக்குக் கையெழுத்திட, தெருவே கைதட்ட

எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.

இரண்டாம் முயற்சி: நாத்தனார் வேலையை உதறிவிட்டு, அண்ணியின் தோளில் சாய்ந்து அழுது

அவள் அழுகிற ரகமில்லை. இதைப் படித்தால் என் வலது முழங்காலையும் மாற்ற வேண்டிவரும்.

நடந்தது இதுதான். ஒரு காலை, நடை தொடங்குமுன் மாஸ்டர் அக்காவை உள்ளே கூப்பிட்டார். மடியில் பேண்ட். கிழிசல் இருந்த இடமே தெரியவில்லை.

"ஒரே ஒரு கொக்கி பாக்கி" என்றார் திரைக்குக் கேட்காத குரலில். "அதையும் வச்சுட்டா சார் எழுந்துருவாரு. எழுந்தா கையெழுத்து. உங்க பக்கமா, அந்தப் பக்கமா, தெரியாது. உங்க பக்கம்னா கடை நிக்கும். அந்தப் பக்கம்னா நான் இல்ல. நாளைக்கு நாளைக்குன்னு சொல்லி எனக்கே வெக்கமா இருக்கு. கண்ணும் தெரியல. நீங்க நூலக் கோத்துக் குடுத்தா வச்சுடறேன். கோக்கலன்னா…" தோளைக் குலுக்கினார். "நாளைக்கு."

அக்கா ஊசியை வாங்கினாள். வாசலில் நிழல். நாத்தனார்.

"அண்ணி, எனக்கு பயமா இருக்கு."

"உனக்கு என்ன பயம்? ஜெயிச்சா சம்பள உயர்வு."

"ஜெயிச்சா நெஜமாவே குளத்தக் கட்டணுமே! அத விடுங்க, மாஸ்டர்கிட்ட என் சுடிதார் வேற இருக்கு. இன்னும் அளவே எடுக்கல."

திரைக்குப் பின்னால் ஓர் இருமல். வெளியே கிழக்குப் பக்கம் ஒரு கூட்டம், மேற்குப் பக்கம் ஒரு கூட்டம், இரண்டும் கழுத்தை நீட்டிக்கொண்டு. அக்கா நூல் நுனியை வாயில் வைத்து நனைத்தாள். ஊசியின் காதை வெளிச்சத்துக்குத் தூக்கினாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். குறி பார்க்கவா பார்க்காமலிருக்கவா என்று பக்கத்தில் நின்ற நாத்தனாராலும் சொல்ல முடியவில்லை.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. ஊசி இதோ, நூல் இதோ, இரண்டையும் உங்களிடம் தருகிறேன். கோப்பதானால் கோத்துவிடுங்கள், வேண்டாமென்றால் நாளைக்கு வாருங்கள். மாஸ்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சத்தியம் செய்தவன் எதையும் மறைக்கக் கூடாது என்பதால், தெருவைப் பற்றிச் சொல்லாமல் விட்ட ஒரு தகவலையும் சொல்லி முடிக்கிறேன்: அது முட்டுச்சந்து. நாத்தனார் கூட்டத்தோடு வந்த அந்த மேற்கு முனையில் ஆள் உயரத்துக்குமேல் சுவர். அந்தப் பக்கமிருந்து யாரும் உள்ளே வர வழியே கிடையாது.