மேரி சொன்ன சேதி

கிட்ட வாங்க கண்ணுங்களா, இன்னும் கிட்ட வாங்க. பின்னால் இருக்கிறவர்களுக்கும் கொஞ்சம் இடம் விட்டு உட்காருங்கள். முகம் தெரியாத ஒருத்தி மேல் வயிறெரிந்து, கடற்கரை வரைக்கும் விடுவிடுவென்று நடந்து போன ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் அவளை மட்டமாக நினைக்காதீர்கள். அவளுக்கு வலித்தது நிஜம்.

பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிவிட்டுப் போன மறு வருஷம் அது. புதுச்சேரியில் வாழைக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்து. அங்கே ஓட்டு வீடு ஒன்றில் கன்னியப்பனும் அவன் பெண்டாட்டி செல்வாம்பாளும் குடியிருந்தார்கள். கன்னியப்பனுக்கு மில்லில் வேலை. செல்வாம்பாளுக்குச் செஞ்சிக்கு அந்தாண்டை ஒரு கிராமம். கல்யாணமாகி வந்து ஒரு மழைக்காலம்கூட முழுசாகப் பார்க்கவில்லை.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலச் சோற்றில் கை வைக்கும் முன்னால் ஆளுக்கொரு நல்ல சேதி சொல்ல வேண்டும். வழக்கத்தைக் கொண்டுவந்தவன் கன்னியப்பன்தான்.

"மில்லுல நாள் பூராக் கெட்ட சேதி. ஆளைக் குறைக்கறான், ஷிப்டை மாத்தறான்னு. அதையும் சோத்துல பெசஞ்சு தின்னணுமா?" என்பான்.

செல்வாம்பாளுக்கு அது பிடித்துப்போயிற்று. பொழுது விடிந்தால் நல்ல சேதி தேட ஆரம்பித்துவிடுவாள். பூசணிக் கொடியில் பிஞ்சு விட்டிருந்தால் சேதி. உப்புக்காரி அளந்ததற்கு மேல் ஒரு கை அள்ளிப் போட்டால் சேதி. எதிர்வீட்டுச் சின்னப்பாப்பாவின் பிள்ளைக்கு அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் அது பெரிய சேதி. கன்னியப்பன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டு, "அடேங்கப்பா!" என்பான். அந்த "அடேங்கப்பா"வுக்காகவே அவள் தெருவில் குடம் சுமந்தாள் என்றுகூடச் சொல்லலாம். சந்தில் குழாய் கிடையாது. இரண்டு தெரு தாண்டிப் போய்த் தண்ணீர் தூக்கி வரவேண்டும்.

ஒருநாள் கன்னியப்பன் நேரங்கழித்து வந்தான். முகமெல்லாம் வெளிச்சம்.

"இன்னிக்கு மேரியாண்ட போயிருந்தேன், செல்வா. நம்ம சந்து முனைக்கு விளக்குக் கம்பம் வருதாம்!"

செல்வாம்பாள் ரசத்தைத் தட்டுக்கு வெளியே ஊற்றிவிட்டாள்.

உங்களுக்குத் தெரியும். மேரி என்றால் கடற்கரையில் இருக்கிற நகரசபைக் கட்டடம். பிரெஞ்சுக்காரன் போனாலும் அவன் வார்த்தை போகவில்லை. நம் பேச்சில் 'ஆண்ட' என்பது இடத்துக்கும் ஆகும், ஆளுக்கும் ஆகும். கோயிலாண்ட நின்றேன் என்போம், அக்காவாண்ட கேட்டேன் என்றும் சொல்வோம். செல்வாம்பாளுக்குத் தெரிந்த மேரி ஒருத்திதான். செஞ்சிப் பக்கத்துக் கிராமத்துக்கு ஊசி போட வந்துகொண்டிருந்த நர்சம்மா. மொடமொடவென்று வெள்ளைப் புடவை, கையில் கடிகாரம். ஊரில் பாதி ஆம்பிளைகள் உடம்புக்கு ஒன்றுமில்லாமலே அவளிடம் ஊசி போட்டுக்கொண்டார்கள். இந்த மேரியும் அப்படி ஒருத்திதான் என்று செல்வாம்பாள் முடிவு கட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து சோற்றுத் தட்டுக்கு முன்னால் மூன்று பேர் உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. மேரியாண்ட கேட்டேன், சாக்கடைக்கு மூடி போடறாங்களாம். மேரியாண்ட நின்னேன், சந்துக்குக் குழாய் தர யோசிக்கிறாங்களாம். இவள் பூசணிப் பிஞ்சைச் சொன்னால் இப்போது "சரி, சரி" என்பதோடு சரி. "அடேங்கப்பா" முழுக்க மேரிக்குப் போய்விட்டது.

ஒருநாள், "மேர் ஐயாவே என்னைப் பாத்துத் தலையாட்டினாரு" என்றான். மேர் என்றால் நகரசபைத் தலைவர். செல்வாம்பாள் என்ன நினைத்தாள் தெரியுமா? மேரியைப் பெற்ற அப்பன் என்று நினைத்தாள். அப்பனுக்கும் தெரிந்தே நடக்கிறதா என்று பொருமினாள்.

இன்னொரு நாள், "மேரி இருக்கே, அது நம்மளக் கைவிடாது" என்றான். அந்த 'அது'தான் செல்வாம்பாளைக் கொன்றது. கன்னியப்பன் அவளைப் பற்றி வெளியே பேசும்போது, "அது ஊட்டுல இருக்குது, அது நல்லாச் சமைக்கும்" என்றுதான் சொல்வான். அந்த 'அது' தனக்கு மட்டும் என்று இத்தனை நாளாக நம்பியிருந்தாள்.

தாங்க முடியாமல் சின்னப்பாப்பாவிடம் மெல்லக் கேட்டாள். "ஏங்க்கா, இந்த மேரி எப்படி இருக்கும்?"

"ஐயோ, அதை ஏன் கேக்கற! வெள்ளை வெளேர்னு கடலைப் பாத்துக்கினு நிக்கும். எவ்ளோ அழகுங்கற! வெள்ளைக்காரன் வச்சிருந்தது. இப்போ நம்ம ஆளுங்க கையில வந்துடுச்சு."

"இவருமா அங்க போறாரு?"

"உன் ஊட்டுக்காரரா? அங்கியேதான் கிடக்கறாருன்னு எங்க ஊட்டுல சொல்லிச்சு. நல்லதுக்குத்தான் விடு. சும்மாவா போறாரு?"

செல்வாம்பாள் விடுக்கென்று திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாள்.

அடை வைத்திருந்த கோழி அன்றைக்குக் குஞ்சு பொரித்திருந்தது. வேறொரு நாளாக இருந்தால் வாசலிலேயே நின்று கூவியிருப்பாள். இப்போது கூடையைக் கவிழ்த்து அதன்மேல் கோணியைப் போட்டு மூடினாள். இந்தச் சேதி அவனுக்கு இல்லை.

"இன்னா நல்ல சேதி?" என்று கன்னியப்பன் உட்கார்ந்தான்.

"ஒண்ணுமில்ல."

கூடைக்குள்ளிருந்து கீச், கீச்.

"இன்னா சத்தம்?"

"எலி."

அவன் எழுந்து போய்க் கோணியை விலக்கினான். "அடிப்பாவி! இவ்ளோ நல்ல சேதியை மூடி வச்சுக்கினு ஒண்ணுமில்லன்றியே!"

"மேரியாண்ட போய்ச் சொல்லிக்குங்க."

கன்னியப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். "மேரிக்கு எதுக்குடி கோழிக்குஞ்சு? சரி, உனக்காக நாளைக்கே சொல்லிடறேன்." பிறகு எதையோ கேட்க வாயெடுத்தான். "செல்வா, உன்னை ஒண்ணு கேக்கணும்..." நாலைந்து நாளாக அவன் இப்படி ஆரம்பிக்கும்போதெல்லாம் செய்வது போலவே, அவள் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் அவன் மில்லுக்குப் போனதும் செல்வாம்பாள் தலையை வாரி முடிந்தாள். கல்யாணப் புடவையைக் கட்டினாள். அந்த மேரியைப் பார்த்துவிட்டு அப்படியே செஞ்சி பஸ் ஏறித் தாய்வீட்டுக்குப் போய்விடுவது என்று துணிமூட்டையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். வழியில் கேட்டவர்களெல்லாம், "மேரியா? நேராப் போம்மா, கடற்கரைல" என்று கை காட்டினார்கள். இந்த ஊரில் அவளைத் தெரியாதவர் ஒருத்தரும் இல்லை போலிருக்கிறது!

கடற்காற்றில் புடவை படபடத்தது. பெரிய வெள்ளைக் கட்டடம் ஒன்றின் வாசலில் சேவகர் தணிகாசலம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, மேரி எங்க?"

"இதாம்மா மேரி."

செல்வாம்பாள் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். ஒரு பெண்ணும் இல்லை. "உள்ள இருக்காளா? வெளிய வரச் சொல்லுங்க. ரெண்டு வார்த்தை கேட்டுட்டுப் போறேன்."

"யாரை வரச் சொல்றது?"

"மேரியை!"

தணிகாசலம் அவள் புடவையைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், சிவந்த கண்ணையும் பார்த்தார். வந்த சிரிப்பை மீசைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். "மேரிக்குக் கால் கிடையாதும்மா, எப்படி வரும்? இந்தக் கட்டடம்தாம்மா மேரி. முனிசிபால்டி. தெருவுக்கு விளக்கு, தண்ணி எல்லாம் இங்கதான் கேக்கறது."

செல்வாம்பாள் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தாள். வெள்ளை வெளேரென்று, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது. தூணுக்குத் தூண் அழகுதான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மூட்டையைக் கீழே வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளேயிருந்து வந்த குமாஸ்தா ஒருவர், "எந்தத் தெரும்மா? இன்னா வேணும்?" என்றார்.

ஏதாவது சொல்லியாக வேண்டுமே! "வாழைக்குளத்துச் சந்துங்க. குழாய்."

"அந்தச் சந்தா? கன்னியப்பன்னு ஒருத்தர் வந்து உசுரை வாங்கறாரே! குழாய் எப்பவோ சரின்னு ஆயிடுச்சும்மா. எங்க நடறதுன்னு கேட்டா, 'எங்க ஊட்டுல அதுதான் தண்ணி தூக்குது, அதைக் கேட்டுத்தான் சொல்லுவேன்'னு போனாரு. தெனம் வராரு, 'அது இன்னும் என்னாண்ட பேச மாட்டேங்குது'ன்றாரு. அதைத் தவிர வேற பேச்சே இல்ல."

செல்வாம்பாளுக்குக் காது மடல் சூடாயிற்று. சந்துக்கே வரவேண்டிய தண்ணீர் தன் வாயில் அடைபட்டுக் கிடந்திருக்கிறது.

"நான்தான் அது" என்றாள். "முருங்கமரத்தாண்ட வையுங்க. அங்கதான் மேடு, சேறாகாது. வயசானவங்க ஊட்டுக்கும் கிட்ட."

"சரிம்மா. நாளைக்கே குழி வெட்ட ஆளனுப்பறேன்."

சாயங்காலம் கன்னியப்பன் களைத்து வந்து உட்கார்ந்தான். கேட்கவே பயமாக இருந்ததோ என்னமோ, சேதி கேட்காமல் சோற்றில் கை வைக்கப் போனான். அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னிக்கு நான் மேரியாண்ட போயிருந்தேன்."

"நீயா!"

"முருங்கமரத்தாண்ட குழாய் வைக்கச் சொல்லிட்டேன். நாளைக்குக் குழி வெட்ட ஆள் வருது."

"அடேங்கப்பா!" என்று வாயைத் திறந்தவன் முகம் உடனே சுருங்கியது. "இத்தினி நாளா நான் நடையா நடக்கறேன். என்னாண்ட நாள் சொல்லாதவங்க உன்னாண்ட உடனே சொல்லிட்டாங்களா? அந்தக் குமாஸ்தா சிரிச்சுப் பேசினாரா?"

"நல்லாத்தான் பேசினாரு."

அவன் குழம்பைக் கிளறிக்கொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. அது எந்த நெருப்பு என்று செல்வாம்பாளுக்குச் சொல்லித் தரவேண்டுமா? அவன் இரண்டு வாய் விழுங்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாவமாக இருந்தது. இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

"நாளைக்கு நீங்க போறப்ப நானும் வரேன்."

"எதுக்கு? குழாய்தான் வந்துடுச்சே."

"விளக்கு வரணும், சாக்கடைக்கு மூடி வரணும். இனிமே மேரியாண்ட நீங்க தனியாப் போக வேணாம்."

கன்னியப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும், "சரி, வா" என்றான்.

கேட்ட உங்கள் வீடெல்லாம் நல்லா இருக்கணும், கண்ணுங்களா. அடுப்பு அணையாமல், அரிசிப் பானை அடி தெரியாமல், கைப்பிடித்தவரோடு பேச்சு அறுந்துபோகாமல், பிள்ளை குட்டிகளோடு நீங்கள் நூறு வருஷம் வாழணும்.