யாருங்க நீங்க?

திருமூர்த்தியின் பனியன் கம்பெனியில் பேக்கிங் பிரிவு முழுக்க சுப்பாத்தாளின் பொறுப்பு. நான்கு மெஷினோடு கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறாள். முதலாளி மகள் ஜனனிக்குப் பால் பாட்டில் கழுவியது முதல் அமெரிக்கா போகும் பெட்டிக்கு டேப் ஒட்டுவது வரை அவள் கைபடாத வேலை அங்கே கிடையாது. அந்தப் பொறுப்பு 2006 ஆடி மாதத்தில் ஆட்டம் கண்டது. காரணம், ஒரு டம்ளர் காபி.

விஷயம் இதுதான். அமெரிக்கச் சுங்கத்துறை, நம்பிக்கையான இறக்குமதியாளர்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தது. பட்டியலில் இருப்பவர்களின் கண்டெய்னரைத் துறைமுகத்தில் அதிகம் குடையாமல் விட்டுவிடுவார்கள். திருமூர்த்தியிடம் சரக்கு எடுக்கும் கம்பெனி அதில் இருந்தது. தனக்குச் சரக்கு அனுப்புகிறவனும் நம்பத் தகுந்தவன்தானா என்று பார்க்க அது ஆடிட்டுக்கு ஆள் அனுப்பியது. கேமரா சரி, வேலி சரி, கண்டெய்னர் பூட்டும் சரி. அப்புறம் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர், கழுத்தில் அட்டை இல்லாமல், பேக்கிங் ஹாலுக்குள் நுழைந்தார். ஆடிட்டர்கள் வேண்டுமென்றே அனுப்பிய ஆள். முன்பின் தெரியாதவர் உள்ளே வந்தால் யாராவது தடுக்கிறார்களா என்பதுதான் பரீட்சை.

சுப்பாத்தாள் தடுக்கத்தான் செய்தாள், காபி குடிக்காமல் போகக் கூடாது என்று.

"வாங்க, வாங்க. உக்காருங்க. வெயில்ல வந்திருப்பீங்க."

அவரும் உட்கார்ந்து குடித்தார். போகிற போக்கில், காகிதத்தில் சுற்றிய ஒரு செங்கல்லைத் திறந்திருந்த பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனார். செங்கல்லுக்குப் பதில் குண்டாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அறிக்கை வந்தது. முதலாளி மகன் சுரேந்தர் அவளைக் கூப்பிட்டான்.

"அக்கா, மூணு மாசம் டைம் குடுத்திருக்காங்க. இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா பேக்கிங்க வேற ஆளுகிட்டக் குடுத்துருவேன். வருத்தப்படாதீங்க."

"வந்தவங்கள யாருன்னு கேக்கறதுங்களா தம்பி? எந்த ஊருன்னு வேணாக் கேக்கலாம்."

"யாருன்னுதானுங்க கேக்கோணும்."

யாருங்க நீங்க. இரண்டே சொல். அவள் பிறந்து வளர்ந்த குண்டடத்தில், வந்து நிற்பவரிடம் அதைக் கேட்பதும் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவதும் ஒன்று. ஆனாலும் பழகினாள். பதினைந்து வருடமாகப் பக்கத்தில் நின்று மடிக்கும் பழனாயியைக் கேட்டுப் பழகினாள். வீட்டில் புருஷனைக் கேட்டாள். "எனக்கே சில நேரம் தெரியறதில்ல புள்ள" என்று அவர் சாப்பிட உட்கார்ந்தார். ஹாலில் பெண்கள் அவளைக் கண்டாலே, "யாருங்க நீங்க?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். உள்ளே பயந்துகொண்டேதான் இருந்தாள்.

ஐப்பசியில் ஆடிட் மறுபடி வந்தது. சென்னையிலிருந்து வந்த ஒரு பெண், கையில் கோப்போடு ஹாலின் மூலையில் நின்று பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அப்போது ஒருவர் தனியாக உள்ளே வந்தார். சலவை வேட்டி, வெள்ளைச் சட்டை, விரலில் மூன்று மோதிரம், கழுத்தில் அட்டை இல்லை. இந்தத் தடவை வேட்டி கட்டி அனுப்பியிருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள்தான் என்று சுப்பாத்தாள் நினைத்துக்கொண்டாள். வந்தவர் நேராகப் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு பனியனை எடுத்தார்.

"பொட்டியத் தொடாதீங்க. யாருங்க நீங்க? அட்டை எங்கீங்க?"

"கழுத்துல மாட்டிக்க நானென்ன மாடா? உங்க மொதலாளியக் கேளு, நான் யாருன்னு சொல்லுவாரு."

"அதையெல்லாம் கேட்டுல சொல்லிக்குங்க." ஹால் வாசலில் நிற்கும் வாட்ச்மேன் மாரப்பனைக் கூவி அழைத்தாள். மாரப்பன் வந்து, சொல்லிக்கொடுத்தபடியே, அவர் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனான். நூறு பேர் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மூலையில் நின்ற பெண் எதையோ எழுதினாள்.

வந்தவர் காங்கேயம் பொன்னுச்சாமி. மூன்று அரிசி மில்லுக்கு முதலாளி. அவர் மகனுக்குத்தான் ஜனனியைப் பேசி முடித்திருந்தார்கள். சம்பந்தியாகப் போகிறவரின் தொழிலை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்போம் என்று வந்திருக்கிறார். கேட்டில் கொடுத்த விசிட்டர் அட்டை அவருடைய சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது.

ஆடிட் பாஸானது. அறிக்கையில் சுப்பாத்தாளின் பெயரே வந்தது. சுரேந்தர் ஹால் முழுக்க மைசூர்பாகு கொடுத்தான். திருமூர்த்தி பழத்தட்டோடு காங்கேயத்துக்கு மூன்று தடவை போய், மூன்றாவது தடவை கல்யாணத் தேதியோடு திரும்பினார். அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தை மாதம் திருமூர்த்தியும் மனைவி கமலாம்பாளும் ஹாலுக்கு வந்து ஆளாளுக்குப் பத்திரிகை வைத்தார்கள். காங்கேயம் மண்டபத்துக்குப் போக நான்கு பஸ் பேசியிருந்தது. கடைசியாக சுப்பாத்தாளிடம் வந்தார்கள். பத்திரிகையைக் கொடுத்த கமலாம்பாள் தரையைப் பார்த்தாள்.

"சுப்பாத்தா, கல்யாணத்தன்னிக்குப் பாரு, ஒரு லோடு போகோணும்" என்றார் திருமூர்த்தி. "நம்பி உட்டுட்டுப் போறதுக்கு உன்னைய உட்டா எனக்கு யாரு இருக்கறா?"

எல்லோரும் கல்யாணத்துக்குப் போனால் லோடு ஏற்றுவது யார் என்று கேட்க அவளுக்குத் தெரியாமல் இல்லை.

"ஆகட்டுங்கண்ணா" என்றாள்.

கல்யாணத்தன்று கம்பெனியில் இரண்டே பேர். இன்னொருவன் மாரப்பன். அவனிடமும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். ஜனனி கல்யாணத்துக்கென்று எடுத்த பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு சுப்பாத்தாள் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். முகூர்த்த நேரத்தில் கொஞ்சம் அழுதாள்.

மத்தியானம் மாரப்பன் வந்தான். "லாரி எத்தனை மணிக்குங்கக்கா?"

"வராது மாரப்பா. நீ சாப்புடு."

ஐந்து மணிக்கு, லோடு இல்லை என்று ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பட்டுச் சேலையோடு டவுன் பஸ் ஏறி வீட்டுக்குப் போனாள்.